வெந்நீர்த் தொட்டிக்கு மூடி தைத்த கதை

கடிதம் ஒக்டோபர் நடுவில் வந்தது. அனுப்பியது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழு. இங்கே எல்லோரும் அதை ஸ்டீரே என்றுதான் சொல்வோம். ஒஸ்லோவின் ரொம்சோஸில் எங்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் பலகை பதித்த சின்ன முற்றம். அந்த முற்றத்தில் நான் வைத்திருக்கும் வெந்நீர்த் தொட்டியின் மோட்டார் நாள் முழுக்க உறுமுகிறதாம். மேல்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்திருக்கிறாராம். நவம்பர் கடைசியில் வந்து பார்ப்பார்கள், அதற்குள் சத்தம் அடங்காவிட்டால் தொட்டியை அகற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது.

என் கணவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அவருடைய முகத்தில் ஒரு சந்தோசம் தெரிந்தது. அதை மறைக்கக்கூட அவர் முயற்சி செய்யவில்லை.

"நல்லதாப் போச்சு. நான் சொல்லேக்கை நீர் கேக்கேல்லை. இப்ப அவங்களே சொல்லுறாங்கள். ஆருக்கும் குடுத்துப்போட்டு நிம்மதியா இரும்."

"நான் குடுக்கேல்லை" என்றேன்.

"அப்ப என்ன செய்யப்போறீர்?"

"சத்தத்தை நிப்பாட்டப்போறன்."

எப்படி நிறுத்துவது என்று அப்போது எனக்குத் தெரியாது. வாய் முந்திவிட்டது. சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்கில்லை, அதனால் வழியைத் தேட வேண்டியதாயிற்று.

தொட்டி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். காற்றடித்து நிமிர்த்தும் வட்டமான ரப்பர்த் தொட்டி, ஆறடி அகலம். பிள்ளைகள் விளையாடும் நீச்சல் தொட்டிக்கு அண்ணன் முறை என்று சொல்லலாம். வீடு மாறிப்போன ஒரு குடும்பத்திடம் பழையதாக வாங்கியது. பக்கத்தில் ஒரு மோட்டார் பெட்டி நின்று தண்ணீரைச் சூடாக்கிச் சுற்றவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் அது சும்மா இருக்கும், ஆறினால் உறுமத் தொடங்கும். ஓகஸ்டில் அது பெரும்பாலும் சும்மாதான் இருந்தது. ஒக்டோபரில் ஓய்வே இல்லை. காரணம், தொட்டியோடு வந்த மூடி மழைக்கோட்டுத் துணி அளவு தடிப்பானது. சூடெல்லாம் அதன் வழியாக ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆக மோட்டாரின் வாயை அடைக்க வேண்டுமென்றால் சூட்டைப் பிடித்து வைக்கும் ஒரு மூடி செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

நான் நோர்வேக்கு வந்ததும் முதலில் வாழ்ந்தது பாட்ஸ்பியோர்ட்டில். வடக்கே, மரம் முளைக்காத கடற்கரையில், மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மீன் வெட்டினேன். அங்கே என் கை விரல்கள் மீனின் குளிருக்கு இறங்கின. ஒஸ்லோவுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் முழுதாக ஏறி வரவில்லை. காலையில் பால் பெட்டியின் மூடியைத் திருகுவதற்கு வாயையும் துணைக்கு அழைக்க வேண்டும். அந்தத் தொட்டித் தண்ணீரில் கழுத்துவரை அமர்ந்து கால்மணி நேரம் போனால் விரல்கள் ஒவ்வொன்றாக நிமிரும். தோளில் இருந்து ஒரு பாரம் இறங்கும். அந்தக் கால்மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

ஆனால் எங்கள் சனத்துக்கு அதை அப்படிச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது ஒருத்தி கேட்டாள்.

"அக்கா, உங்கடை வளவுக்குள்ளை தொட்டி வைச்சு ஆவி பறக்கக் குளிக்கிறியளாம், உண்மையே?"

சுற்றி நின்ற நாலு பேரும் தேநீர்க் கோப்பைகளை வாயிலிருந்து எடுத்தார்கள்.

"ஓம். டொக்டர் சொன்னவர், கைக்கு நல்லதாம்."

உடனே எல்லோருடைய முகமும் இளகியது. "ஓ, வருத்தத்துக்கோ" என்றார்கள். பிறகு தங்கள் தங்கள் முழங்காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். எங்களுக்குள்ளே ஒரு பெண்ணுக்கு வருத்தம், அதாவது நோய், என்றால் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. தனியாகப் படுக்கலாம், சமைக்காமல் இருக்கலாம், வெந்நீர்த் தொட்டியும் வைத்துக்கொள்ளலாம். டொக்டர் உண்மையில் சொன்னது, கையைச் சூடாக வைத்திருங்கள் என்று. அவர் கையுறையைத்தான் நினைத்திருப்பார். நான் அதைக் கொஞ்சம் நீட்டினேன்.

இதிலே எனக்கு எரிச்சல் என்னவென்றால், இதே சனம்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெரியவளானால் மண்டபம் எடுத்து, முந்நூறு பேரைக் கூப்பிட்டு, படக்காரனையும் நிறுத்தி, அவளுக்குத் தண்ணீர் வார்க்கிறது. அவளைக் கேட்டு அல்ல. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அது சாமத்திய வீடு, மங்கலம். ஐம்பத்தாறு வயதுப் பெண் தன் வீட்டு முற்றத்தில், தன் விருப்பத்தில், ஒருவரையும் கூப்பிடாமல் தண்ணீருக்குள் இருந்தால் அது கதை.

மூடிக்கான முதல் சாமானும் அந்தச் சாமத்திய வீட்டிலிருந்துதான் வந்தது. மேடை அலங்காரம் செய்யும் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய நிலவறையில் விழா முடிந்த ரெஜிபோம் பலகைகள் கூரைவரை அடுக்கிக் கிடக்கும். வெள்ளையாக, எடையில்லாமல், தொட்டால் கிறீச்சிடுமே, அந்தப் பலகைதான். தங்கப் பூச்சுப் பூசிய ஆறு பலகையும் கழுத்தொடிந்த ஒரு அன்னமும் தந்தாள். ரெஜிபோம் சூட்டைக் காக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கொண்டாட்டங்களுக்கு இடியப்பம் ரெஜிபோம் பெட்டியில்தான் வருகிறது, மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தாலும் ஆவி வரும். இடியப்பத்தைக் காப்பது தண்ணீரைக் காக்காதா?

மீன் வெட்டும் கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால் பலகைகளை வட்டமாக வெட்டினேன். வெள்ளை மணிகள் வீடெல்லாம் பறந்து, கணவரின் சோற்றுக் கோப்பைக்குள்ளும் விழுந்தன. அவர் ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசை ஓரத்தில் வைத்தார். பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. பலகைகளை இரண்டு பழைய பஞ்சுப் போர்வைகளுக்கு நடுவே வைத்துத் தைத்தேன். வடக்கின் குளிரில் எங்களைக் காத்த போர்வைகள் அவை. மேலே குளியலறைத் திரையைப் போட்டு மூடினேன். பலகையிலிருந்து உதிர்ந்து ஒட்டிய தங்கப் பூச்சு அங்கங்கே தெரிய, தொட்டிக்குக் கல்யாணம் போல இருந்தது.

முதல் இரண்டு நாள் மோட்டார் அமைதியாக இருந்தது. நான் வீட்டுக்குள்ளே ராணி மாதிரி நடந்தேன். மூன்றாம் நாள் உறுமல் திரும்பியது. ஏழாம் நாள் மூடியைத் தூக்கப் போனால் அது அசையவில்லை. ஆவி தையல் துளைகளால் ஏறி, போர்வைப் பஞ்சு முழுவதும் குடித்து, ரெஜிபோமும் குடித்து, ஓரங்களில் உறைந்து கிடந்தது. நடுப்பகுதி தொய்ந்து அதிலே மழைத்தண்ணீர் ஒரு குளம். நனைந்த பஞ்சு சூட்டைக் காக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்குக் குளிர் என்றால் போர்வை, அதற்கு மேலே இன்னொரு போர்வை. அந்தப் புத்தியைத் தண்ணீருக்கும் போட்டேன். கணவரும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து அதைக் கீழே தள்ளியபோது பெரிய சத்தம் கேட்டது. மேல்வீட்டுக் கிழவர் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். நான் கையசைத்தேன். அவர் சன்னலை அடித்துச் சாத்தினார்.

"காணும்தானே?" என்றார் கணவர். மூச்சு வாங்கியது அவருக்கு. "இதுக்கு மேலை வேண்டாம்."

"இது பிழைச்சுப் போச்சு. மற்றதைச் செய்வன்."

"எந்த மற்றது?"

அதுவும் எனக்குத் தெரியாது.

அதைச் சொல்லித்தந்தவள் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் சென்னைப் பெண். கணினி வேலைக்காக வந்தவள், குப்பை போட வரும்போது எங்கள் முற்றத்தைத் தாண்டித்தான் போவாள். ஈரப் பிணம் மாதிரிக் கிடந்த மூடியைப் பார்த்து நின்றாள்.

"என்னக்கா இது? தெர்மாகோலா? அது தண்ணி இழுக்குமே. நீலக் கலர்ல ஒரு போர்டு இருக்கு, அஸ்திவாரத்துக்கு வெளில மண்ணுக்குள்ள போடுவாங்க. அது இழுக்காது. அத வாங்குங்க."

நான் ரெஜிபோம் என்கிறேன், அவள் தெர்மாகோல் என்கிறாள். தண்ணீர் குடித்த பிறகு இரண்டும் ஒரே எடைதான். மறுநாளே கட்டடச் சாமான் கடையில் நீலப் பலகைகளை வாங்கி, பேருந்தில் நின்றபடி கொண்டுவந்தேன். பேருந்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் அவை யாரையாவது இடித்தன. நான் மன்னிப்புக் கேட்டுக்கேட்டே களைத்துப்போனேன்.

நீலப் பலகை மீன் போலவே வெட்டுப்பட்டது. ஒரே இழுப்பு, ஒரு மணிகூடப் பறக்கவில்லை. இம்முறை வட்டத்தை இரண்டு பாதியாக்கினேன், தனியே தூக்கலாம் என்று. நடுவில் ஒரு துண்டைக் கூட வைத்துச் சரிவு எடுத்தேன், தண்ணீர் வழிந்தோடட்டும் என்று. இனிப் பலகைகளைத் தடித்த பிளாஸ்டிக்கால் சுற்றி, ஈரம் நுழையாமல் ஒட்ட வேண்டும். வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து ஒட்டினேன். என் விரல்களுக்கு ஒட்டுநாடா அடங்கவில்லை. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருண்டது.

கணவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதாக நடித்துக்கொண்டிருந்தார் என்பதே சரி. கொழும்புக்குப் பெட்டி கட்டுவதென்றால் ரொம்சோஸில் பாதிச் சனம் அவரைத்தான் கூப்பிடும். அவர் கட்டிய பெட்டி எந்த விமான நிலையத்திலும் வாய் பிளந்ததில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"இதுவே ஒட்டுறது? இஞ்சை பாரும், மூலையிலை காத்து நிக்குது."

"நீங்கள் உங்கடை செய்தியைப் பாருங்கோ."

"தாரும் அதை."

நாடாவைப் பறித்துக்கொண்டு தரையில் இறங்கினார். முழங்காலால் பலகையை அமர்த்தி, பிளாஸ்டிக்கை இழுத்து, மூலையை முக்கோணமாக மடித்து, நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் எழும்பிவிடுவார்.

"தொட்டிக்காகச் செய்யேல்லை" என்றார், நிமிர்ந்து பாராமலே. "இப்பிடி ஒட்டினதைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது. அவ்வளவுதான்."

ஒட்டி முடித்தவர் கை நிற்காமல் நைலோன் கயிற்றை எடுத்து நீளத்துக்கும் குறுக்குக்கும் போட்டு இறுக்கி, மேலே தூக்குவதற்கு ஒவ்வொரு பாதிக்கும் ஒரு கைப்பிடியும் முடிந்துவிட்டார். பெட்டி கட்டுகிற பழக்கம். கட்டி முடித்த பிறகுதான் தான் செய்ததைப் பார்த்தார். தடித்த பேனையைக்கூட எடுத்து வைத்திருந்தார், விலாசம் எழுத. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. கயிற்றை அவிழ்க்கப் போனார், நான் விடவில்லை. அந்தக் கைப்பிடிகளால்தான் இன்றைக்கும் நான் மூடியைத் தூக்குகிறேன்.

அதோடு வேலை முடியவில்லை. மீன் பெட்டி எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்திருந்தது. மூடி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் உள்ளே இருப்பது கெட்டது. அங்கே குளிரைக் காத்தோம், இங்கே சூட்டைக் காக்கிறோம், கள்வன் நுழைகிற இடம் ஒன்றுதான். ஆகவே இரண்டு பாதியையும் ஒன்றாகப் போர்த்தும் தார்ப்பாய் உறை ஒன்று தைத்தேன். அதன் விளிம்பு தொட்டியின் இடுப்புவரை தொங்கும்படி விட்டேன். தையல் இயந்திரத்தில் மூன்று ஊசி உடைந்தது. கீழ் மடிப்புக்குள் ஊக்கால் நாடா கோத்தேன், பாவாடைக்குக் கோப்பது போலவே. இழுத்து முடிச்சுப் போட்டால் தொட்டி பாவாடை கட்டிக்கொண்டு நிற்கும். நான் தைத்த எந்தப் பாவாடையும் அவ்வளவு பொருந்தியதில்லை.

போட்ட அன்று சமையலறை சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கறி வெட்டினேன், மோட்டாரைக் கேட்பதற்காக. கறி வெந்து, சாப்பிட்டு, கோப்பை கழுவி முடியும்வரை ஒரு முனகல்கூட இல்லை. நம்பாமல் வெளியே போய் மோட்டார்ப் பெட்டியில் கை வைத்துப் பார்த்தேன். அது சும்மாதான் இருந்தது.

நவம்பர் கடைசியில், ஒரு மத்தியானம், ஸ்டீரேயிலிருந்து வந்தார்கள். தலைவி ஒரு நோர்வேக்காரப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள், கையில் கோப்பு. கூடவே மேல்வீட்டுக் கிழவரும் வந்தார். காலையில் பனி பெய்து ஓய்ந்திருந்தது. மூடியின் மேலே அந்தப் பனி ஒரு விரற்கடை உயரத்துக்கு அப்படியே கிடந்தது. கீழே அவ்வளவு சூடான தண்ணீர் இருக்கும்போது மேலே பனி உருகாமல் கிடக்கிறதென்றால் அந்த மூடிக்கு வேறு சான்றிதழ் வேண்டாம். தலைவி அதைக் கண்டுகொண்டாள். கையுறையைக் கழற்றிப் பனியைத் தொட்டுப் பார்த்தாள்.

என் கணவரும் சேர நாலு பேரும் முற்றத்தில் நின்று காது கொடுத்தோம். ஒரு சத்தமும் இல்லை. கால் விறைக்கும்வரை நின்றோம். தலைவி கிழவரைப் பார்த்தாள்.

"இப்போது கேட்கவில்லை" என்றார் கிழவர். பிறகு, அதோடு விட மனமில்லாமல், "ஆனாலும் இங்கே இப்படி ஒன்று இருக்க வேண்டுமா? யாருக்கும் இல்லை, இவர்களுக்கு மட்டும்" என்றார்.

தலைவி பெருமூச்சு விட்டாள். கோப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். சத்தப் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் முற்றத்தில் நிரந்தரமாக ஒரு பொருள் வைப்பதற்கு விண்ணப்பம் வேண்டும், ஸ்டீரே கூடி முடிவு செய்யும் என்றாள். நல்ல மனசுள்ள பெண். குரலைத் தாழ்த்தி, "காரணம் என்ற இடத்தில் உடல்நலம் என்று எழுதுங்கள். மருத்துவர் கடிதம் ஒன்று இணைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்" என்றாள்.

கணவர் பின்னால் இருந்து தமிழில் சொன்னார். "எழுதும். கை வருத்தம் எண்டு எழுதும். அலுவல் முடிஞ்சுது."

பேனை என் விரலில் நிற்கவில்லை, அவ்வளவு குளிர். பாவாடை நாடாவை அவிழ்த்து, உறையைப் பனியோடு இழுத்துப்போட்டு, மூடியின் ஒரு பாதியைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கினேன். ஆவி எழுந்து எங்கள் நாலு பேரின் முகத்தையும் மறைத்தது. மேற்சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டேன். அவர்கள் காத்து நின்றார்கள், நிற்கட்டும் என்று விட்டேன். மோட்டார் உறுமத் தொடங்கியது. கிழவர் வாயைத் திறந்தார், நான் அவரைப் பார்த்தேன், மூடிக்கொண்டார்.

விரல்கள் நிமிர நிமிர எனக்குள்ளே கோபம் ஏறியது. அவர்கள் மேலே மட்டுமல்ல, என் மேலேயும்தான். கோயில் மண்டபத்தில் ஒவ்வொரு ஞாயிறும் டொக்டரை முன்னால் தள்ளிவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவள் நான். இந்தச் சூட்டுக்குள் இறங்கும்போது எனக்கு வருகிற சந்தோசத்தை ஒரு நாளாவது ஒரு மனிதரிடம் நான் சொல்லியிருக்கிறேனா? நோவு இருந்தால்தான் ஒரு பெண்ணுக்குச் சுகம் கிடைக்குமென்றால் அந்தச் சட்டத்தை முதலில் காப்பாற்றியது நான்தான்.

கையைத் துடைத்துவிட்டுப் படிவத்தைச் சுவரில் வைத்து எழுதினேன். காரணம் என்ற இடத்தில் நோர்வே மொழியில் மூன்றே சொல். எனக்கு விருப்பம் என்பதால்.

தலைவி வாய்விட்டு வாசித்தாள். "இதுதானா? வேறு ஒன்றும் சேர்க்கவில்லையா?"

"இதுதான்."

"ஸ்டீரே மறுக்கக்கூடும்."

"தெரியும்."

அவள் படிவத்தைக் கோப்பில் வைத்து, தலையசைத்துவிட்டுப் போனாள். கிழவரும் போனார். டிசம்பரில் சம்மதம் என்று ஒரு வரிக் கடிதம் வந்தது, ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. அன்றைக்கு என் கணவர் முகம் கறுத்துப்போய் நின்றார்.

"உமக்கென்ன விசரே? ஒரு மாதமா இதுக்குப் பாடுபட்டுப்போட்டு ஒரு சொல்லிலை கெடுத்துப்போட்டீரே. இனி மறுத்தா?"

"மறுத்தாத் திரும்ப எழுதுவன். அதையேதான் எழுதுவன்."

"அப்ப கை நோகுது எண்டது?"

நான் மற்றப் பாதி மூடியையும் தூக்கினேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. எதிர்க் கட்டடத்தின் அத்தனை சன்னல்களும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கை நோகுதுதான்" என்றேன். "நோகாட்டிலும் இறங்குவன்."

அவர் என் கையிலிருந்த மூடியை வாங்கிச் சுவரோடு சாய்த்து வைத்தார். நான் உடுப்பு மாற்ற உள்ளே போனேன்.